நானூற்றுப் பன்னிரண்டு மார்க்

ஒரு சின்னக் கதை சொல்கிறேன். போனைப் பையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். ஆமாம், முதல் வரிசைக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் கோயில் பங்கில் மரியநாயகம் என்று ஓர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மனிதர்களை மார்க்கை வைத்தே எடைபோடுபவர். படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்றதும், மனைவி ஜெசிந்தா பிடிவாதமாக அழைத்துப்போய் இதய ரத்தக் குழாய்களை சி.டி. ஸ்கேன் எடுக்க வைத்தார். துணைக்குப் போன ஜெசிந்தாவின் தம்பி லூர்துவும் எடுத்துக்கொண்டார்.

ரிப்போர்ட் வந்தது. கால்சியம் ஸ்கோர்... லூர்துவுக்குப் பூஜ்யம். நம் தலைமை ஆசிரியருக்கு நானூற்றுப் பன்னிரண்டு!

உடனே டாக்டரிடம் போனாரா? போனாரா?... மைசூர்பாகு வாங்கப் போனார்!

“பாத்தியா மச்சான்? நானூத்திப் பன்னெண்டு! தினம் ரெண்டு டம்ளர் பால் குடிச்ச உடம்பு. நீ ஸ்கூல்லயும் சைபர், இங்கேயும் சைபர்!”

“டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருவோங்க,” என்றார் ஜெசிந்தா.

“பாஸானவன் எதுக்குடி வாத்தியாரைப் பாக்கணும்?”

வலது ரத்தக் குழாய் வழக்கமான இடத்தில் தொடங்கவில்லை என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதற்கும் பெருமை! “என் இதயமே தனி டிசைன்!”

அந்தக் கால்சியம் எலும்பிலா இருந்தது? ரத்தக் குழாயின் சுவரில் சுண்ணாம்பாய்ப் படிந்து கிடந்தது. அங்கே பூஜ்யம்தான் முதல் மார்க். ரிப்போர்ட்டை நீட்டிய பெண்ணைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாள். கேட்டாரா? தலைமை ஆசிரியர் கேட்பாரா?

ஒன்பதாம் நாள், கோயிலில் பாடகர் குழு நிற்கும் மாடிக்கு ஏறும் படியில் சரிந்தார். தோளில் போட்டுக்கொண்டு இறங்கியது யார்?... சைபர்!

பிழைத்தார். அடைப்பை நீக்கிய டாக்டர் கேட்டார்: “ரிப்போர்ட் வந்து ஒன்பது நாள் ஆச்சே. ஏன் வரலை?”

தலைமை ஆசிரியர் வாயில் ஆக்சிஜன் மாஸ்க். லூர்து பதில் சொன்னார்: “அத்தான் ஸ்வீட் குடுத்துட்டு இருந்தாங்க டாக்டர்.”

சிரிக்கிறீர்கள்... நன்றாகச் சிரியுங்கள். உங்களில் எத்தனை பேர் புரியாத தாளுக்குத் தலையாட்டிவிட்டு, மடித்து பீரோவில் வைத்திருக்கிறீர்கள்? தெரியாதது அவமானமில்லை. ‘இதற்கு என்ன அர்த்தம்?’ மூன்றே சொல். அதைக் கேட்க வாய் வராது. கௌரவம்!

அன்று லூர்து சுமந்து இறங்கியது அந்தக் கௌரவத்தையும் சேர்த்துத்தான். உங்கள் வீட்டுப் படியில்... ஒரு லூர்து நிற்கிறாரா?