அக்காவை நிறுத்திய பதினோரு பிழைகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் அவர்களே, முழங்கால்களின் மொழி அறிந்த மருத்துவர் அம்மா அவர்களே, அச்சுக்கூடத்துப் பெரியவர்களே, வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பத்திரிகை அலுவலகத்தின் தரைத்தளத்தில் இன்று உடற்பயிற்சி அறை திறக்கிறோம். புதிய இயந்திரங்கள் ஆறு. நான் பேச வந்ததோ மூலையில் நிற்கும் பழைய எலிப்டிகல் என்னும் மிதி இயந்திரத்தைப் பற்றி. அதில் பாதம் மிதிப்பலகையை விட்டு எழுவதில்லை. ஓடுகிறோம், தரையில் மோதுவதில்லை. கைப்பிடிகளைத் தள்ளி இழுக்கையில் தோளும் முதுகும் சேர்ந்து உழைக்கும். மூட்டு நோகாமல் மூச்சு வளரும், நெஞ்சு வலுக்கும்.

இதை எனக்குக் கற்பித்தது யார்? முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாரே, பிழை திருத்தும் அக்கா, அவர்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவின் வலது முழங்கால் மடங்க மறுத்தது. அவர் அறை மூன்றாம் மாடி. நாற்பத்தெட்டுப் படிகள். லிப்ட் கிடையாது. கீழே வரவேற்பு மேசைக்கு மாற்றல் என்று பேச்சு எழுந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் எழுத்தோடு மல்லுக்கட்டியவர் வருகைப் பதிவேட்டோடு வாழ்வதா? வந்தவரிடமெல்லாம் பெயர் கேட்டு எழுதுவதா?

மருத்துவர் அம்மா சொன்னார்: "மூணு மாசம் பாப்போம். இருபது நிமிஷம் நிக்காம மிதிங்க. அப்புறம் படியைப் பத்திப் பேசலாம்."

அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? அப்போது இந்த அறையில் தனியாகக் கிடந்த எலிப்டிகலின் கைப்பிடிகளுக்கு நடுவே, அச்சுக்குப் போகும் பக்கத்தைக் கிளிப் போட்டு மாட்டி, படித்துக்கொண்டே மிதித்தார். பிழை கண்டால் பேனா எடுப்பார். பேனா எடுத்தால் கால் நிற்கும். முதல் வாரம் ஐந்து நிமிடம் தாண்டவில்லை. மூன்றாம் வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து நீ எழுதின பக்கத்துல மட்டும் பதினோரு தடவை நின்னேன்."

"பக்கத்தை எடுத்துட்டு மிதிக்கலாமே அக்கா."

"செவுத்தைப் பாத்துக்கிட்டா? நீ ஒழுங்கா எழுதேன். என் முட்டி உன் கையில இருக்கு."

எழுதியதை ஒருநாளும் திரும்பப் படிக்காத நான், அன்று மூன்று முறை படித்தேன். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, நீங்கள் எழுதிய பக்கத்தில் எட்டுப் பிழை. எண்ணி வைத்திருக்கிறேன். "அக்கா முட்டிய நெனச்சு எழுதுங்கப்பா" என்பது நம் அலுவலகத்தின் வழக்காகவே ஆனது. பிழைகள் குறைந்தன, நிமிடங்கள் நீண்டன. எட்டு, பன்னிரண்டு, பதினாறு.

மூன்றாம் மாதத்தின் கடைசி நாள். வாசலில் நாங்கள், உள்ளே மருத்துவர் அம்மா, கைப்பிடிகளுக்கு நடுவே என் குடிநீர்ச் செய்தி. பதினேழாம் நிமிடத்தில் அக்காவின் புருவம் சுருங்கியது. நான் அந்தச் செய்தியை மனதுக்குள் வரிவரியாகத் திரும்பப் படித்தேன். ஆனால் கால் நிற்கவில்லை. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

"இன்னைக்கு ஒரு தடவை, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க" என்றார் மருத்துவர் அம்மா.

ஏறினார். ஒவ்வொரு படியாக ஏறினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினோம். மேலே தம் நாற்காலியில் அமர்ந்து, பேனாவைத் திறந்து, என் செய்தியில் ஒரு வட்டம் போட்டார்.

"பதினேழாந்தேதி புதன்கிழமைடா. செவ்வாய்னு போட்டிருக்க. அப்பவே பாத்துட்டேன். நின்னா எல்லாம் போச்சேன்னு மனசுலயே வெச்சுத் தூக்கிட்டு வந்தேன்."

வரவேற்பு மேசைப் பேச்சு அன்றோடு முடிந்தது. அன்பர்களே, முப்பத்தோர் ஆண்டுகளில் அக்கா ஒரு பிழையைக் காக்க வைத்தது அன்று மட்டும்தான். அதுவும் நாற்பத்தெட்டே படிகள். மருத்துவரைக் கேட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். யாருக்காகவாவது தொடங்குங்கள். அக்காவுக்கு அவர் நாற்காலி காத்திருந்ததுபோல், உங்களுக்கும் மேல்மாடியில் ஒன்று காத்திருக்கும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இந்த உரையையும் திருத்தித் தந்த அக்காவுக்குத் தனி நன்றி. வணக்கம்.