'ஹேல்' என்ற சொல்லின் இரண்டாவது பொருள்

மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயர்கிறவர்கள்தான் மஞ்சக்குப்பத்தில் அதிகம், சார். நானும் என் மனைவி ஜான்சியும் மட்டும் பலகையை விரித்து, இங்கிலீஷ் எழுத்துச் சில்லுகளை அடுக்கி வார்த்தை கட்டுவோம். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஜெயித்தது நாலு தடவை.

அவள் இங்கிலீஷ் டீச்சர். யாரும் கேள்விப்படாத வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருப்பாள். 'ஸாக்ஸ்' என்றால் கூரைக்குப் போடும் பலகைக்கல்லை வெட்டுகிற கருவி. 'கனாத்' என்றால் நிலத்துக்கடியில் ஓடும் வாய்க்கால். நான் நம்பாமல் அகராதியைப் புரட்டுவேன். இருக்கும். "இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

போன மாசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. புத்தி தெளிவாகவே இருந்தது. சிதம்பரத்து டாக்டர் வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்; ஆறு மாதத்தில் நடந்துவிடுவாள், பேச்சும் ஓரளவு திரும்பும் என்றார். இரண்டு வாரம் கூட்டிப் போனேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்பீர்கள். தலை சீவிவிட்டால் அசையாமல் இருப்பாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். அதற்கு முன் எதற்கும் அவள் என்னை எதிர்பார்த்ததே இல்லை, சார்.

இடது கையால் எழுத வரவில்லை; சில்லுகளை அடுக்கித்தான் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்திலிருந்து அவள் தங்கை அமராவதி வரும் நேரத்துக்குச் சற்று முன், 'டேக் மீ' என்று அடுக்கி வைத்திருந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் கலைத்துவிட்டேன். அன்றே பையிலிருந்து டி, எம், கே சில்லுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். 'ஹெல்ப்' என்று எழுதிவிடக்கூடும் என்பதால் அதன் கடைசி எழுத்தையும் எடுத்தேன். பையையே ஒளித்தால் அமராவதி கேட்பாள்.

அடுத்த ஞாயிறு, தங்கையின் எதிரில் ஜான்சி பைக்குள் வெகுநேரம் துழாவினாள். நான்கு சில்லுகள் வைத்தாள். 'ஹேல்'.

"பாத்தீங்களா மாமா, ஆரோக்கியமா இருக்கேன்னு சொல்லுது அக்கா." அமராவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. இழுத்துக்கொண்டு போவது. ஜான்சியே ஒருமுறை எனக்கு விளக்கியிருக்கிறாள். இப்போது அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தங்கையின் கைப்பையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் மாமா, அக்கா இப்பிடி பண்ணுது?"

"கழுத்தும் கையும் அவ சொல்றபடி கேக்கறதில்ல, அமரா. உன்னப் பாத்த சந்தோஷம். பஸ்ஸு போயிடப் போவுது, நீ கெளம்பு."

அவள் போன பிறகு ஜான்சி என்னைப் பார்த்தாள். பையைத் தொடவில்லை. நானே எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. மாரைக் காட்டினாள். கட்டில் சட்டத்தை இடது கையால் தட்டினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். யாராவது முழுசாக எழுத்துகளைக் கொடுத்துவிடுவார்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை வரை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

அடக்கம் முடிந்து துணிமணிகளை எடுத்து வைக்கும்போது அமராவதி என் சட்டைப் பையில் அந்தச் சில்லுகளைப் பார்த்துவிட்டாள். அவற்றை எடுத்தது நான்தான். ஜான்சியைச் சாக விட்டதும் நான்தான். ஆனால் என்னோடு இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அமராவதி புகாரில் எழுதிக் கொடுத்திருப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசி நாலு நாளும் ஜான்சி ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை, சார்.