ரெண்டு பேருமே கடைசி

மாமியார்: நிக்காதடி! நின்னா கால் பிடிச்சுக்கும். வா, வா… அந்த பெட்ரோல் பங்க்கைத் தாண்டிட்டா அப்புறம் இறக்கம்தான்!

மருமகள்: அத்தை… ஒரு நிமிஷம்… இந்தக் குட்டிச் சுவர்ல உக்காருங்க.

மாமியார்: உக்கார்றதா? ஓட்டப் பந்தயத்துக்கு இன்னும் ரெண்டே ஞாயித்துக்கிழமை! எனக்குக் கை காலெல்லாம் பரபரங்குது, நீ உக்காரச் சொல்றே.

மருமகள்: பரபரப்பு இல்ல, அது நடுக்கம். எங்க, கையை நீட்டுங்க பாப்போம்.

மாமியார்: குளிருக்கு நடுங்குது.

மருமகள்: இந்தப் புழுக்கத்துலயா?

மாமியார்: …சரி, உக்காருவோம். உனக்காகத்தான். உன் மூஞ்சிதான் வெளிறிக் கிடக்கு.

மருமகள்: எனக்கு ஒண்ணுமில்ல. உங்களைத்தான் கொஞ்ச நாளா பாத்துட்டே இருக்கேன். ராத்திரி தூங்குறீங்களா?

மாமியார்: எங்க தூங்க! படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது. எல்லாம் சந்தோஷத்துலடி! மெடல் கழுத்துல விழுற மாதிரி, உன் மாமனார் போட்டோ எடுக்கிறேன்னு தலையை வெட்டிட்டு எடுக்கிற மாதிரி… இருபத்தோரு கிலோமீட்டர்! இந்த வயசுல! என் தையல் கடைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் சொல்லியாச்சு.

மருமகள்: தையலைப் பத்தித்தான் நானும் சொல்ல வந்தேன். ஒருத்தர் சட்டையில ரெண்டு கையையும் ஒரே பக்கத்துல வெச்சுத் தெச்சிருக்கீங்க.

மாமியார்: யாரு சொன்னா?

மருமகள்: அவரே வீட்டுக்கு வந்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு.

மாமியார்: ஐயோ! சிரிக்க வைக்காதே, விலா வலிக்குது… பாவம், எப்படிப் போட்டாராம்?

மருமகள்: சிரிப்பு அப்புறம். சாப்பாடு இறங்குதா உங்களுக்கு? தட்டுல அளைஞ்சுட்டு எந்திரிச்சிடுறீங்க. பிடிச்ச சளி விடவே இல்ல. குழாயைச் சரியா மூடலன்னு மாமாவை அந்த வாங்கு வாங்கினீங்க…

மாமியார்: சொட்டுச் சொட்டா ஒழுகிட்டே இருந்துச்சு!

மருமகள்: ஒழுகட்டும். அதுக்கு அழுவாங்களா?

மாமியார்: …நீ பாத்தியா?

மருமகள்: பாத்தேன். நம்ம ஓட்டக் கிளப்புப் பயிற்சியாளர் சொன்னாரே, மறந்துட்டீங்களா? ஓடுறதால மட்டும் பலம் ஏறாது, ஓடிட்டு ஓய்வெடுக்கும்போதுதான் ஏறும். ஓய்வே குடுக்காம உடம்பை விரட்டினா, ஓட ஓட வேகம் குறையும். காலையில கண்ணு முழிக்கிறப்பவே நெஞ்சு படபடன்னு அடிக்கும். தூக்கம் போயிடும், பசி போயிடும், தொட்டதுக்கெல்லாம் எரிச்சல் வரும்…

மாமியார்: நிறுத்து, நிறுத்து. எனக்கா வேகம் குறைஞ்சிருக்கு? அடி போடி! போன ஞாயித்துக்கிழமை கிளப்போட ஓடினப்ப மெதுவா வந்தேனே, அதைச் சொல்றியா? அது உனக்காக!

மருமகள்: என்னது?

மாமியார்: நீ புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிட்டு வந்தே. புள்ள தனியா பின்னாடி வருமேன்னு நான்தான் வேகத்தைக் குறைச்சுக்கிட்டேன். சொல்லிக் காட்டக் கூடாதுன்னு இருந்தேன்.

மருமகள்: நீங்க எனக்காகவா? அத்தை! நான்தான் உங்களுக்காகக் குறைச்சேன்!

மாமியார்: பொய் சொல்லாதே!

மருமகள்: சத்தியமா!

மாமியார்: அப்ப… நீ எனக்காக, நான் உனக்காக… அப்படித்தான் ரெண்டு பேரும் கடைசியா வந்தோமா?

மருமகள்: கடைசிக்கும் கடைசி. நாயைக் கூட்டிக்கிட்டு நடக்க வந்தவரே நம்மளைத் தாண்டிப் போனார்.

மாமியார்: இரு, இரு. என் கண்ணைப் பாத்துச் சொல்லு. அன்னைக்கு நான் இல்லேன்னா நீ வேகமா ஓடியிருப்பியா?

மருமகள்: ஏன் ஓட மாட்டேன்… ஓடியிருப்பேன்…

மாமியார்: கண்ணைப் பாத்து.

மருமகள்: …முடியாது அத்தை. காலு ரெண்டும் நனைஞ்ச சாக்கு மாதிரி கனத்துச்சு.

மாமியார்: எனக்கும்தாண்டி! எனக்கும்தான்! எட்டி வெச்சா காலு வராம இழுத்துச்சு. மானம் போகுமேன்னு வாயைத் திறக்கல.

மருமகள்: அத்தை!

மாமியார்: என்ன அத்தை? நீ வேலை பாக்குற மூக்குக் கண்ணாடிக் கடை விஷயமும் எனக்குத் தெரியும். ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்து, அந்த ஆளு கதவுலயே போய் முட்டிக்கிட்டாராமே. உன் புருஷன் சொன்னான்.

மருமகள்: லேசாத்தான் முட்டினார்…

மாமியார்: சரி, அவன் வாங்கிக் குடுத்த வாட்ச் எங்கே?

மருமகள்: சார்ஜ் இல்ல.

மாமியார்: அலமாரியில துணிக்கு அடியில கிடக்கு. நல்லா மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டு.

மருமகள்: …காலையில எந்திரிச்சதும் நெஞ்சுத் துடிப்பு இன்னிக்கு இவ்வளவு, நேத்தைவிட அதிகம்னு காட்டிட்டே இருந்துச்சு. பயந்து போய்க் கழட்டி வெச்சுட்டேன்.

மாமியார்: நம்ம ரெண்டு பேரும் பெரிய ஆளுங்கதான் போ! ஆனா எப்படிடி? பயிற்சியாளர் குடுத்த அளவுதானே ஓடுறோம்? மத்தவங்க எல்லாம் குதிரை மாதிரி இருக்காங்களே.

மருமகள்: அதான் எனக்கும் புரியல.

மாமியார்: அதோ பாரு, பங்க்குல என்ன கூட்டம்!

மருமகள்: அத்தை… ஏன் அந்தப் பக்கம் பாக்குறீங்க?

மாமியார்: நீ ஏன் கீழ பாக்குறே?

மருமகள்: நீங்க முதல்ல சொல்லுங்க.

மாமியார்: …மத்தியானம் கடையைச் சாத்திட்டு, பட்டன் வாங்கப் போறேன்னு சொல்லுவேன்ல…

மருமகள்: ஆமா. பட்டனே வந்த மாதிரி தெரியலையேன்னு நெனச்சேன்.

மாமியார்: பட்டன் வாங்கல. ரயில் பாதை ஓரமா ஓடிட்டு வருவேன்.

மருமகள்: அந்த வெயில்லயா! தினமுமா?

மாமியார்: மழை பெய்ஞ்சா போக மாட்டேன். கத்தாதே, இப்ப உன் முறை.

மருமகள்: நான்… கடை விட்டதும் பஸ் ஏறுறதே இல்ல. பையை முதுகுல இறுக்கிக் கட்டிக்கிட்டு வீடு வரைக்கும் ஓடி வர்றேன்.

மாமியார்: அடிப்பாவி! பஸ்ல கூட்டம், பஸ்ல கூட்டம்னு வேர்த்து விறுவிறுத்து வந்து நிப்பியே… நானும் பரிதாபப்பட்டு மோர் கலக்கிக் குடுத்தேனே!

மருமகள்: மோர் நல்லாத்தான் இருந்துச்சு.

மாமியார்: வாயைப் பாரு! ஹூம்… அப்ப பந்தயம்?

மருமகள்: இந்தத் தடவை வேண்டாம் அத்தை. முதல்ல டாக்டர்கிட்ட போய் ரெண்டு பேரும் உடம்பைக் காட்டுவோம். நல்லாத் தூங்குவோம், சாப்பிடுவோம். பயிற்சியாளர்கிட்டயும் உண்மையைச் சொல்லிடுவோம். அவர் சரின்னு சொன்னப்புறம்தான் ஷூவைத் தொடணும்.

மாமியார்: ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேனே…

மருமகள்: நான் வந்து சொல்றேன். நான்தான் தடுத்தேன்னு சொல்லுங்க.

மாமியார்: ஒண்ணும் வேண்டாம். என் வாயாலயே சொல்லிக்கிறேன். எந்திரி, நடந்தே வீட்டுக்குப் போவோம். மெதுவா… அப்பாடா! இப்பவே தூக்கம் வர்ற மாதிரி இருக்கு!

மருமகள்: எனக்கும்! ஆனா ஒண்ணு சொல்லுங்க. அந்த வெயில்ல, எதுக்குத் திருட்டுத்தனமா ஓடினீங்க?

மாமியார்: சிரிக்கக் கூடாது.

மருமகள்: சிரிக்கல.

மாமியார்: கிளப்புல உன் வயசுப் பொண்ணுங்கல்லாம் பறக்குதுங்க. நான் பின்னாடி தங்கிட்டா நீ அவங்களோட போயிடுவியோன்னு பயம்டி. வீட்டுக்குள்ள நீயும் நானும் கேஸ் அணைச்சாச்சா, கதவைப் பூட்டியாச்சாங்கிறதைத் தவிர என்ன பேசியிருக்கோம்? ரோட்டுக்கு வந்த அப்புறம்தானே… உன் அம்மா கதை, என் கதை எல்லாம்… அதை விட மனசு வரல.

மருமகள்: அந்தப் பொண்ணுங்க என்னைக் கூப்பிடத்தான் செஞ்சாங்க அத்தை. எங்க மாமியார் பொல்லாதவங்க, விட மாட்டாங்கன்னு உங்க மேல பழியைப் போட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் திடீர்னு நீங்க வேகம் பிடிச்சீங்க பாருங்க… எங்க என்னை விட்டுட்டு முன்னாடி போயிடுவீங்களோன்னு பயந்துதான் நானும் உங்களுக்குத் தெரியாம ஓட ஆரம்பிச்சேன்.