தானாகப் படுத்த குதிரை

குதிரைக்குக் கேரட் கொடுப்பதென்றால் நீளவாக்கில் நறுக்க வேண்டும். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புதிதாகக் குதிரை வாங்கி எங்கள் லாயத்துக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அதற்கும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்.

திசா ஆற்றங்கரையில் இருப்பது எங்கள் பொது லாயம். ஆளுக்கொரு குதிரை. முறை வைத்துத் தீனி போடுவோம், சாணம் அள்ளுவோம். சனிக்கிழமை காலையில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, காபியும் உப்பு ரொட்டியுமாக அவரவர் குதிரைப் புராணத்தைப் பாடுவோம். யாருடையது லாடம் அடிக்க விடாமல் அடம் பிடித்தது, யாரைச் சேற்றில் தள்ளியது என்று ஒன்று விடாமல் வந்துவிடும். எத்தெல்கா வாயைத் திறந்தால் காபி ஆறிவிடும் என்று என்னைக் கேலி செய்வார்கள். பேசத்தான் செய்வேன். மாய்வா மாதிரி ஒரு குதிரை அவர்களில் யாரிடம் இருந்தது?

மாய்வா என் பெண்குதிரை. எங்கள் சமவெளி மேய்ப்பர்கள் சாட்டையைச் சொடுக்கினால் குதிரை படுக்கும்படி பழக்குவார்கள். மரம் மட்டை இல்லாத வெளியில் எதிரி கண்ணில் படாமல் ஒளிய அந்தக் காலத்தில் அதுதான் வழி. இப்போது அது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கை. படுத்த குதிரையின் மேல் அவர்களை உட்காரவைத்துப் படம் எடுப்போம். மாய்வா காதைக்கூட அசைக்காது. என் கை அதன் தோளில் பட்டால்தான் எழுந்திருக்கும்.

போன இலையுதிர்காலத்தில் நான் செகெட் நகரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். லாயத்தில் பர்னபாஷின் முறை. கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். மேய்ப்பர்களின் அகலமான நீலக் கால்சட்டையையும் இறகு வைத்த தொப்பியையும் மாட்டிக்கொண்டால் பிறவி மேய்ப்பன் என்று அவனுக்கு நினைப்பு. அன்று மாய்வா தானாகப் படுத்தது. குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. வேறு ஊரில் குதிரை வைத்திருப்பவர்கள் பதறிப்போய் அதை எழுப்பி நடக்கவைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் மட்டும்தான் அது வித்தையாகத் தெரியும். அவன் விருந்தாளிகளை ஒவ்வொருவராக அதன் வயிற்றின் மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தான். மறுநாள் நான் வந்தபோது வியர்வையில் நனைந்து கிடந்தது. தோளைத் தொட்டேன். எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. வைத்தியர் ஊசி போட்டு அதன் வேதனையை முடித்துவைத்தார்.

அந்தச் சனிக்கிழமை பர்னபாஷ் மேசையில் எல்லார் முன்னாலும் அழுதான்.

"என் தப்புதான்க்கா. வித்தை காட்டுதுன்னு நெனச்சுட்டேன்."

எல்லாரும் அவனைத் தேற்றினார்கள். ஒருவர் முதுகைத் தடவினார், ஒருவர் அவன் கிளாசில் பாலின்கா சாராயம் ஊற்றினார். குதிரையைப் பறிகொடுத்தவள் நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், ஆறுதல் அவனுக்கு. இவனை விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ரொட்டியையும் சாப்பிட்டு முடித்தேன்.

அவனுடைய குதிரை கோர்மொஷ். கறுப்பு, நல்ல முரடு. அதைப் படுக்கவைக்கச் சாட்டையும் கையுமாக அவன் படாத பாடு பட்டும் நடக்கவில்லை. என்மேல் பரிதாபப்பட்டு அவனே கேட்டான்.

"ஒங்களுக்கும் கை சும்மா இருக்காது. கோர்மொஷ ஓட்டுங்கக்கா, அதுக்கும் கொஞ்சம் புத்தி வரட்டும்."

நன்றி சொன்னேன். அவன் கடையில் இருக்கும் நேரத்தில் அதைப் பழக்கினேன். அடித்துப் பழக்கவில்லை, அது எனக்குப் பிடிக்காது. முன்னங்காலை மடக்கிப் பிடித்து, கேரட்டை விலாப் பக்கமாகக் காட்டினால் குதிரை தலையைத் திருப்பி மெல்லச் சாயும். சாய்ந்ததும் கொடுத்துவிட வேண்டும். சாட்டைக்குப் பதில் நான் வைத்த சைகை கைதட்டல். தட்டினால் படுக்க வேண்டும், தோளைத் தொடும்வரை எழக்கூடாது. வெயில் ஏறியதும் பாடத்தை ஆற்றின் தேங்கல் நீருக்கு மாற்றினேன். வெக்கைக்கு இதமாக இருந்ததால் அங்கே இன்னும் சீக்கிரம் கற்றுக்கொண்டது. முரட்டுக் குதிரை என்று ஒன்று கிடையாது, பொறுமையில்லாத ஆட்கள்தான் உண்டு.

கோடைத் திருவிழாவில் பர்னபாஷ் வருஷம் தவறாமல் செய்வது ஒன்றுதான். அந்தத் தேங்கல் நீரைக் குதிரைமேல் கடப்பான், நடுவில் நிறுத்தித் தொப்பியைத் தூக்கி வணங்குவான். கரை முழுக்கக் கைதட்டும். மேய்ப்பர் சேணத்துக்கு வயிற்றுவார் கிடையாது, முதுகில் சும்மா கிடக்கும், அது சரிந்தால் ஆளும் சரிவான். எல்லாம் எனக்குத் தெரியும்.

தொப்பியைத் தூக்கினான். முதலில் தட்டியது நான்தான், பிறகு கரையே தட்டியது. கோர்மொஷ் அழகாக மடங்கிப் படுத்தது. தலையை மட்டும் நீருக்கு மேல் வைத்துக்கொண்டது. அவன் கால் அதற்கும் சேற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இந்த வருஷம் புது வித்தை என்று ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒருமுறை அவன் கை வெளியே வந்தது, அதற்கும் தட்டினார்கள். நானும் நிறுத்தவில்லை. நீர் அடங்கிய பிறகு இறங்கிப் போய்த் தோளைத் தொட்டேன். குதிரை உடனே எழுந்தது. பையில் இருந்த கேரட்டைக் கொடுத்தேன். பாடம் சரியாகச் செய்த குதிரையை ஏமாற்றினால் அதற்கு நம்பிக்கை போய்விடும். என்னைத் துணிச்சல்காரி என்று கரையில் சொன்னார்கள்.

ஆக, கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். வருத்தமில்லை, மாய்வாவுக்காகச் செய்தேன்.

நீங்கள் அந்த ஃபோன் அழைப்பையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சரி, பர்னபாஷ் பேசினான். மாய்வா படுத்த அன்று, மகள் சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது.

"அக்கா, மாய்வா தானாவே படுத்துக்கிச்சு. எந்திரிக்க மாட்டேங்குது. எனக்கென்னவோ சரியாப் படல. வைத்தியரக் கூப்பிடட்டுமா?"

"ஒனக்கென்னடா தெரியும் குதிரையப் பத்தி? நான் பழக்கினது அது, நான் வந்து தொட்டாத்தான் எந்திரிக்கும். ஆளுங்கள உக்கார வச்சுப் படம் எடு, போ."

இதை அவன் மேசையில் சொல்லவில்லை. அழுதானே தவிர, என் பேரை எடுக்கவில்லை. கடைசிவரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் நின்றவன் அவன், பார்த்தவன் அவன். நான் ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே கேட்டுவிடுவதா?