தங்கை நட்சத்திரத்தின் தாரை

அவையைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வேலை முடித்த கையோடு ஓடிவந்த தாய்மார்களே, தப்பிக்க வசதியாய் வாசலோரம் அமர்ந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்!

கேட்கவில்லையா? மைக்கை நெருங்குகிறேன். அதனிடமும் எனக்குக் கூச்சம்தான். பின்வரிசையில் ஒரு தங்கை கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். கொஞ்சம் பொறும்மா.

சூரியனைப் போன்ற சின்ன நட்சத்திரம் பிறந்ததும் என்ன செய்யும்? சுற்றியுள்ள வாயுவை விழுங்கும். விழுங்கியதில் ஒரு பங்கை இரு பக்கமும் பீய்ச்சியடிக்கும். அதுதான் தாரை. தூசி மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ அலையோ தூசியைத் துளைத்து வந்து சேதி சொல்லும்.

அப்படியொரு தாரையைக் காட்டினால்தான் எனக்கு ஆராய்ச்சிப் பட்டம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் போனால் வீட்டில் என்ன சொல்வேன்?

ஒரே வாயு மேகத்தில் பிறந்த இரண்டு நட்சத்திரங்களை ரேடியோ தொலைநோக்கியில் பார்த்தோம். அக்கா, தங்கை என்று அழைத்தோம். அக்காவின் இருபுறமும் நீண்ட கோடு. தங்கை வெறும் உருண்டை. அறையே ஆர்ப்பரித்தது.

"கட்டுரையை உடனே அனுப்பிடலாம். இன்னொரு குழுவும் இதைத்தான் பாக்குறாங்க" என்றார் வழிகாட்டி.

எங்களோடு வேலை செய்யும் ஓர் அண்ணன் உண்டு. ஓடுவதையெல்லாம் நிறுத்துவதால் பெயர் 'பிரேக்'.

"இரும்மா. நம்ம ஆன்டெனா தட்டெல்லாம் எப்படி நிக்குது?"

"கிழக்கு மேற்கா, ஒரே வரிசையில."

"அப்போ தட்டு பரவாத திசையில, வடக்கு தெற்கா, வெறும் புள்ளிகூட இழுத்துத்தான் தெரியும். உங்க அக்கா எந்தப் பக்கம் நீண்டிருக்கா?"

வடக்கு தெற்குதான்! அந்த இழுவையின் அளவைக் கணினி படத்தின் மூலையிலேயே வரைந்திருந்தது. மகிழ்ச்சியில் மூலையை யார் பார்த்தது?

வழிகாட்டி கணினியை மூடப் போனார். எனக்கோ கூச்சம். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அண்ணா, புள்ளியே நீண்டு தெரியணும்னா, தங்கச்சி மட்டும் எப்படி உருண்டையா இருக்கா?"

முதல்முறையாக பிரேக் அண்ணனுக்கே பிரேக் விழுந்தது.

கருவி அவளை வடக்கு தெற்காய் இழுக்க, ஏதோ ஒன்று கிழக்கு மேற்காய் இழுத்திருக்க வேண்டும்! தாரையா? தட்டுகளை நாலாபக்கமும் பரப்பும்வரை காத்திருந்தோம். அந்த இன்னொரு குழு முந்திவிடலாம், ஆனாலும் காத்திருந்தோம். புதிய படம் வந்தது. அக்கா புள்ளியாகச் சுருங்கினாள். தங்கை, கிழக்கும் மேற்கும் கை விரித்து நின்றாள்!

முன்வரிசையில் இருக்கும் என் சொந்த அக்கா, விஷயத்தைச் சொன்னதும் அன்று போனில் கேட்டாள்: "அப்போ அக்கா ஒண்ணுமே இல்லையாடி?"

"புள்ளிதான்க்கா."

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

சிரிக்காதீர்கள், இன்னும் பேசி முடிக்கவில்லை.

நீண்டதெல்லாம் தாரையா? உருண்டையெல்லாம் வெறுமையா? பார்க்கும் கருவியின் சாயலைக் கழித்துப் பாருங்கள், மிஞ்சுவதை நம்புங்கள்! அன்று நான் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் தாரை அங்கே பாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். நமக்குத்தான் தெரிந்திருக்காது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். பின்வரிசைத் தங்கையே, நான் உட்காரப் போகிறேன். மைக் இதோ இருக்கிறது. கேளம்மா.