சிவப்புப் பொத்தானை எங்கள் கையில் தந்தவர்

தலைமை தாங்கும் எங்கள் முதலாளி நமசிவாயம் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பிரகலாதன் அவர்களின் தாயார் இரத்தினம்மா அவர்களே, பண்டத்தரிப்பு ஊரவர்களே, என்னோடு சாந்து குழைத்துக் கல் வைத்த தோழர்களே!

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது இந்த மண்டபத்தில் எல்லாருடைய போனும் ஒன்றாகக் கிணுகிணுத்ததே, அது என் வேலை. நான் தலைமை மேசன் தியாகலிங்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்க விட்டவன். நான் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் ஒரே இடம் போனில் உள்ள எங்கள் வேலைத்தளச் செயலிதான். இந்த உரையை அதிலேதான் பேசி வைத்திருந்தேன். "அப்பா, மேடையிலை அதைத் திறவுங்கோ, அனுப்பிப்போடாதேங்கோ" என்று என் மகள் பிரதீபா படித்துப் படித்துச் சொன்னாள். அனுப்பிவிட்டேன். இரங்கல் உரை 'இன்றைய வேலை அறிக்கை'யாக எல்லாருக்கும் போய்விட்டது. போன்களை அணைக்கச் சொன்ன தலைவருக்கு நன்றி. உரை இதிலே இருப்பதால் என்னுடையதை மட்டும் அணைக்கவில்லை.

ஆனால் சபையோரே, அனுப்பியதும் திரையில் ஒரு வரி வந்தது. 'பொறியியலாளர் பிரகலாதன் பார்க்கும்வரை காத்திருக்கிறது.'

பார்ப்பாரா? எப்போது பார்ப்பார்? முப்பத்திநான்கு வயதில் ஒரு மனிதன் இப்படிப் போவானா? செவ்வாய்க்கிழமை காலை குருநகர்த் தளத்தில் என்னோடு நின்றவர். "மழைக்கு நிலம் இளகிக் கிடக்கு தியாகண்ணை. மேல்தட்டைத் தாங்கிற முட்டுகளுக்குக் கீழை பலகை வைச்சு இறுக்கவேணும். கொடிகாமத்திலை பலகை பாத்துக்கொண்டு பின்னேரம் வாறன்" என்றார். சந்தையடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தாராம். கோப்பை உடையவில்லை என்கிறார்கள். ஆள் போய்விட்டார்! அந்தப் பின்னேரம் எனக்கு இன்னும் வரவில்லை. நாளை விடிய அதே தட்டுக்குக் கொங்கிறீற் போட இருக்கிறோம். அவர் வருவார் என்றுதான் இப்போதும் படலையைப் பார்க்கிறேன்.

எங்களுக்குச் செயலி தேடிய கதையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. விற்க வந்தவர்கள் ஐயாவின் அறையில் வண்ண வண்ண வரைபடம் காட்டினார்கள். பிரகலாதன் அவர்கள் என்ன செய்தார்? போனை வாங்கிக்கொண்டு நேரே சாரத்தடிக்கு வந்தார். "சீமெந்துக் கையோடை அமத்திப் பாருங்கோ" என்றார். முதலாவது செயலி கைரேகை கேட்டது. சீமெந்து தின்ற விரலில் ரேகை ஏது? முழுநாளும் வெயிலில் நின்ற எனக்கு அது 'வரவில்லை' என்று போட்டது. என்னை அடையாளம் காணாத பொருள் அது ஒன்றுதான். கடன்காரர்கூட இருட்டில் கண்டுபிடிப்பார்கள்! இரண்டாவது முழுக்க ஆங்கிலம். மூன்றாவது தமிழில் பேசினால் எழுதியது, சிக்னல் இல்லாத இடத்திலும் படத்தைச் சேர்த்து வைத்தது. அப்போதும் அவர் வாங்கவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "கல்லுச் சுமக்கிறவன் வேலையை நிப்பாட்ட இதிலை வழி இருக்கோ?"

இருந்தது. அதுதான் சிவப்புப் பொத்தான். யாரும் அழுத்தலாம். அழுத்தியவர் வந்து பார்த்துச் 'சரி' சொல்லும்வரை வேலை நகராது. முதலாளி சொன்னாலும் நகராது!

படம் எடுத்து அனுப்பச் சொன்னபோது நான் ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். "எனக்குத் தூணைக் காட்டுங்கோ அண்ணை, உங்களைத்தான் ஒவ்வொருநாளும் பாக்கிறனே" என்று சிரித்தார். ஏசத் தெரியாத பிள்ளை.

கல் சுமக்கும் எங்கள் லெனாட் அந்தப் பொத்தானைத் தவறுதலாக அழுத்திய நாள் நினைவிருக்கிறதா? அழுத்தியது தான்தான் என்று அவனுக்கே தெரிய வருமுன் குழைத்த கலவை இறுகிப் போனது. ஐயா கொதித்தார். நானும், "டேய் லெனாட், உனக்கு விரலோ உலக்கையோ?" என்று கேட்டேன். பிரகலாதன் அவர்கள் அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பிழையா அமத்தினதுக்கு ஏசினால், சரியா அமத்தவேண்டிய நாளிலை ஒருத்தரும் அமத்த மாட்டினம்."

எத்தனை பெரிய வார்த்தை! இவ்வளவு காலத்தில் நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த மறுமொழி ஒன்றுதான்: 'ஓம் ஐயா.' வீட்டிலும் அதுதான், 'ஐயா'வுக்குப் பதில் மனைவியின் பெயர் வரும்.

அம்மா, இரத்தினம்மா அம்மா! உங்கள் மகன் கட்டிய கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றைவிடப் பெரிது, அவற்றில் ஏறி வேலை செய்த நாங்கள் ஒருவரும் குறையாமல் இங்கே இருக்கிறோம். திரும்பிப் பாருங்கள், எல்லாரும் இருக்கிறோம்! பிரகலாதன் காட்டிய முறையில் ஒரு முட்டும் பிசகாமல் வேலை செய்வோம் என்று உங்கள் முன்னால் சத்தியம் பண்ணுகிறோம். போய் வாரும் தம்பி.

இவ்வளவும் ஒலிவாங்கியில் சொன்னது. நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னதால், சொல்லாததையும் எழுதிவிடுகிறேன்.

அன்று காலை கூட்டத்துக்கு வருமுன் குருநகருக்குப் போனேன். முட்டுகளைக் கையால் அசைத்துப் பார்த்தேன். இரண்டு அசைந்தன. கொங்கிறீற் போடும்போது லெனாட்டும் மற்றவர்களும் அந்தத் தட்டின் கீழேதான் நிற்பார்கள். ஐயாவிடம் சொன்னேன். "கொங்கிறீற் லொறிக்குச் சொல்லியாச்சு தியாகு. ஏற்கெனவே பிந்திப்போச்சு" என்றார். அவரும் அழுது கண் வீங்கி இருந்தார். நான் வழக்கம்போல, "ஓம் ஐயா" என்றேன்.

மேடையில் சத்தியம் பண்ணும்போது என் கட்டைவிரல் போனில் இருந்தது. ரேகை தேய்ந்த விரல். சிவப்புப் பொத்தானுக்கு ரேகை தேவைப்படவில்லை.

இறங்கியதும் ஐயா என் கையைப் பிடித்து, "நல்லாக் கதைச்சீர் தியாகு" என்றார். அவருடைய போன் இன்னும் அணைந்தபடியே சட்டைப் பையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளே சொன்னேன்:

நாளைக்குக் கொங்கிறீற் இல்லை, ஐயா.