கேசு இன்னும் முடியலைங்க

கலந்தர் பாய், லாரிக் கதவைச் சாத்திட்டு இப்படி வாங்க. தார்ப்பாய்க்குள்ள காலை விட்டுக்கங்க, பனி எலும்பு வரைக்கும் இறங்குது. கொள்முதல் நிலையத்துல நம்ம நெல்லு நாளைக்கும் எடை போட மாட்டாங்க... நாளன்னைக்கும் போட மாட்டாங்க. குவியலை விட்டுட்டு வீட்டுக்குப் போனா பன்னி மேஞ்சிடும். படுத்தாலும் தூக்கம் வராது. அதனால கேளுங்க.

நீங்கள்லாம் சொல்ற பேய் நடுராத்திரியில கொலுசு போட்டுக்கிட்டு வருது. இது பட்டப்பகல்ல நடந்தது. இங்க மூட்டை தூக்குறானே நம்ம வீரையன், அவனோட சின்னம்மாவுக்கு. அவனே எங்கிட்ட சொன்னான். சொல்லி முடிச்சிட்டு அழுதான். அவன் அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

காலையில ஏழு மணி. தை அமாவாசை. கோடியக்காட்டுக்குள்ள போற ஒத்தையடிப் பாதை... முன்னால ஆளில்ல, பின்னால ஆளில்ல. அந்தச் சின்னம்மா அம்சவல்லி மட்டும் நடக்குறா. ஒரு கையில தூக்குவாளி. இன்னொரு கையில துணி மூட்டை, அதுல வெளுத்த வேட்டி, சட்டை. காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற புருஷனை வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறா.

அம்பது வருஷத்துக்கு முந்தி, கழக ஆட்சி ரெண்டாந்தடவை வந்திருந்த நேரம். எங்க பாத்தாலும் பண்ணைக்கும் ஆளுங்களுக்கும் கூலித் தகராறு. அவ புருஷன் சிங்காரவேலு, களத்துல வாயைத் தொறந்து கூலி கேக்குற ஆளு. முந்தின வருஷ அறுப்புல அடிதடியாகி, பண்ணையோட கணக்கு வழக்கு பாக்குற காரியக்காரர் மண்டை உடைஞ்சு செத்துப் போனாரு. அடிச்சது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சிங்காரவேலு அந்நேரம் வயல்ல கட்டு தூக்கிட்டு இருந்தான். ஆனா கேசுல முதப் பேரு அவன் பேரு. ராத்திரியோட ராத்திரியா ஓடிவந்து இந்தக் காட்டுல புகுந்துட்டான்.

அம்சவல்லி அப்ப முழுகாம இருந்தா. அமாவாசைக்கு அமாவாசை கோடியக்கரையில கடல் குளிக்க ஜனம் வரும்ல, அந்தக் கூட்டத்தோட வந்து, பாதியில பிரிஞ்சு, காட்டுக்குள்ள போயி சோறு குடுத்துட்டு வருவா. வயித்தைத் தள்ளிக்கிட்டு வருவா. அப்புறம் பிரசவம், அடைமழை... மாசக்கணக்கா வர முடியல. பொண்ணு பொறந்த சேதி மட்டும் காட்டோரம் டீக்கடை வச்சிருந்த மீரா உசேன் மூலமா அவனுக்குப் போச்சு. புள்ளை மொகத்தை அவன் பாத்ததில்ல.

இப்ப ரெண்டு நல்ல சேதி கையில இருக்கு. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம்னு சட்டம் வந்துடுச்சு, இனி பண்ணை வீட்டைப் பிரிச்சுப் போட முடியாது. அதை விடப் பெருசு, கேசுலேருந்து அவன் பேரை எடுத்தாச்சுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. கைக்குழந்தையை அக்கா வீட்டுல விட்டுட்டு வெள்ளி முளைக்கிறப்பவே கிளம்பிட்டா. அமாவாசையும் அதுவுமா நண்டுக் குழம்பு ஆக்கியிருந்தா. வயல் நண்டு, மிளகு தூக்கலா. அவனுக்கு உசுரு. கவிச்சியை எடுத்துக்கிட்டு உச்சிப் பொழுதுல காட்டு வழி போறப்ப பொம்பளைங்க என்ன செய்வாங்க? சோத்து மேல ஒரு அடுப்புக்கரி வைப்பாங்க. கரி இருந்தா காத்து கருப்பு தொடாது. அவளும் வச்சா.

மீரா உசேன் கடையைத் தாண்டுறப்ப அவரு கையை வீசிக் கூப்பிட்டாரு. "தங்கச்சி... தங்கச்சி, நில்லு!"

கடையில ரெண்டு போலீஸ்காரங்க டீ குடிச்சிட்டு நின்னாங்க. கேசு இல்லைன்னு வக்கீல் சொன்னாலும் காக்கியைப் பாத்தா நம்பிக்கை வராதுல்ல? முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு, கேக்காத மாதிரி காட்டுக்குள்ள பூந்துட்டா.

நல்ல பாதை அது. பெருசா ஏத்தம் கிடையாது, முள்ளும் அதிகமில்ல. மெதுவா நடந்தாலும் அரை நாள்ல போயிட்டுத் திரும்பிடலாம். ரெண்டு பக்கமும் பாலை மரம். மக்கின எலை வாடை, நடு நடுவுல கடல் காத்துல உப்பு வாடை. வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போறா. கேசு முடிஞ்சுதுங்க, வாங்க போவலாம். முதல்ல சோத்தைப் போட்டுட்டுச் சொல்றதா, சொல்லிட்டுப் போடுறதா? தனியா சிரிச்சுக்கிட்டா.

காட்டுக்கு நடுவுல ஒரு மண்மேடு வரும். நம்ம தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு மலை ஏது... அதைத்தான் மலைங்குறோம். அதுல ஏறி இறங்கினா சட்டுனு மரமெல்லாம் விலகி, கண்ணுக்கெட்டின வரைக்கும் புல்வெளி. மான் கூட்டம் கூட்டமா மேயும். அங்கதான் அவன் வந்து பாப்பான்.

அவ மேட்டுலேருந்து இறங்கினதும் மான் எல்லாம் தலையைத் தூக்கிப் பாத்துச்சு. நாலு துள்ளல்... தள்ளிப் போயி நின்னுச்சு. இவ மரத்தடியில உக்காந்தா. சூரியன் உச்சிக்கு வந்துச்சு. காத்து நின்னுடுச்சு.

எதிர்ப்பக்கத்துலேருந்து சிங்காரவேலு வந்தான். மான் கூட்டத்துக்கு நடுவுல நடந்து வர்றான்... ஒரு மானும் தலையைத் தூக்கல. கடிச்ச புல்லைக் கடிச்சபடி நிக்குது. அப்ப அவளுக்கு அது உறைக்கல. ஆளைப் பாத்த சந்தோஷம்.

"வந்துட்டியா அம்சம்? பாப்பாவைத் தூக்கிட்டு வரலயா?"

"அவ்வளவு தூரம் எப்படிங்க தூக்கிட்டு வர்றது? இன்னும் கழுத்தே நிக்கல. மூக்கு உங்க மூக்குதான்."

சிரிச்சான். இவ எலையைப் போட்டு சோத்தைக் கொட்டி, குழம்பை ஊத்தினா. மிளகு வாடை எழும்புது. அவன் கையைக் கொண்டு போனான்... பாதியில நிறுத்திட்டான். சோத்தையே பாக்குறான். அப்படி ஒரு பசி கண்ணுல. கை மட்டும் போவல.

"அம்சம்... அந்தக் கரியை எடுத்துடேன்."

உசுரோட இருக்கிறவன்னா அவனே சுண்டிவிட்டுட்டுத் தின்னுருப்பான்ல?

அவளுக்குப் புரிஞ்சுடுச்சு. மான் ஏன் தலை தூக்கலைங்கிறதும் புரிஞ்சுடுச்சு. மீரா உசேன் எதுக்குக் கூப்பிட்டாருங்கிறதும்... வாய் விட்டுக் கத்தியிருக்கலாம். எழுந்து ஓடியிருக்கலாம். நானா இருந்தா ஓடியிருப்பேன். அவ ஓடல. பட்டினியா நிக்கிறது அவ புருஷன். கையை நீட்டி கரியை எடுத்துத் தூரப் போட்டா.

சாப்பிட்டான். நண்டுக் காலைக் கடிக்கிற சத்தமே வரல. சோறு எலையில குறையவும் இல்ல. ஆனா அவன் மொகம் குளிர்ந்துச்சு.

கையைத் தொடைச்சுக்கிட்டு நிமிந்தான். "கேசு என்னாச்சு? முடிஞ்சுதா? வீட்டுக்கு வரலாமா அம்சம்? பாப்பாவைப் பாக்கணும் போல இருக்கு."

வழியெல்லாம் சொல்லிப் பாத்த சேதி இதுதான். வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துருவான். செத்தவன் வாசப்படி ஏறினா கைக்குழந்தை தங்காதும்பாங்க. பால் குடுக்காம அவளுக்கு மாரு கட்டிக்கிட்டு வலிக்குது. ரவிக்கை நனைஞ்சுடுச்சு. அங்க புள்ளை அழுதுக்கிட்டிருக்கும்.

"கேசு இன்னும் முடியலைங்க," அப்படின்னா. "வராதீங்க. இங்கேயே இருங்க."

அவன் தலையாட்டினான். "சரி... முடிஞ்சதும் வந்து சொல்லு, என்ன?" எழுந்து, வந்த வழியே போயிட்டான்.

வெளுத்த வேட்டி சட்டை மூட்டையிலேயே இருந்துச்சு. எலையில கிடந்த சோத்துல ஒரு வாய் எடுத்து வச்சுப் பாத்தா. உப்பில்ல, உறைப்பில்ல, மண்ணு மாதிரி இருந்துச்சு.

காட்டோரம் மீரா உசேன் காத்துக்கிட்டு நின்னாரு. போலீஸ் போயிருந்துச்சு. "காலையில கூப்பிட்டேனே தங்கச்சி... கார்த்திகை மழையில காய்ச்சல் கண்டு போயிட்டான். நாந்தான் நாலு பேரோட போயி மேட்டடியில அடக்கம் பண்ணேன். சொல்லியனுப்ப நம்பகமான ஆளு கிடைக்கல. என்னை மன்னிச்சுக்க."

"தெரியும்ண்ணே," அப்படின்னா. "சோறு போட்டுட்டுத்தான் வர்றேன்." அதுக்கப்புறம்தான் தரையில விழுந்து அழுதா.

வருஷா வருஷம் தை அமாவாசைக்குப் போனா. கரி வைக்காத சோறு. வருஷா வருஷம் அவன் அதையே கேப்பான், இவளும் அதையே சொல்லுவா. இவ தலை நரைச்சுது, பல்லு விழுந்துச்சு. அவன் அதே வயசு ஆளா வந்து நிப்பான். "ஏன் அம்சம் இப்படி எளைச்சுட்ட? வேலை ஜாஸ்தியா?"ன்னு கேப்பானாம்.

போன வருஷம் அம்சவல்லி படுத்த படுக்கையாயிட்டா. மக பொன்னுத்தாய் அம்பது தாண்டின பொம்பளை. அப்பா காட்டுல காய்ச்சல்ல செத்தாருங்கிறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். மக இல்லாத நேரம் பாத்து வீரையனைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லி, "நீ போயி சொல்லிடுடா. கேசு முடிஞ்சுதுன்னு. வீட்டுக்கு வரச் சொல்லு. இனிமே பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது," அப்படின்னா. அன்னைக்கே மூச்சு நின்னுச்சு.

காரியம் முடிஞ்சு வீரையன் போனான். மேட்டைத் தாண்டி நின்னான். உச்சி வெயில், மான் கூட்டம், வேற ஒண்ணுமில்ல. வெக்கமா இருந்தாலும் கத்தினான். "சித்தப்பா! கேசு முடிஞ்சு போச்சு! வீட்டுக்குப் போங்க!" ஏதோ கடமை தீந்துச்சுன்னு பஸ் ஏறி, பொழுது சாய சின்னம்மா வீட்டுக்கு வந்து சேந்தான்.

பொன்னுத்தாய் வாசலைக் கூட்டிக்கிட்டிருந்துச்சு. "அண்ணே, மத்தியானம் யாரோ ஒரு பையன் கதவைத் தட்டினான். இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது. உப்பு வாடை அடிச்சுது. பாப்பா எங்கேன்னு கேட்டான்..."

வீரையன் கிட்ட வந்தான். "நீ என்ன சொன்ன?"

"நம்ம வீட்டுல ஏது பாப்பா? இங்க பாப்பா யாரும் இல்லப்பா, வேற வீடு பாருன்னேன். சரிங்கம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அப்புறம்தான் வீரையன் விஷயத்தைச் சொன்னான். பொன்னுத்தாய் தலைவிரி கோலமா தெரு முழுக்க ஓடித் தேடுச்சு.

இப்பவும் உச்சிப் பொழுதுல அந்தத் தெருவுல தட்டுற சத்தம் கேக்குதாம். ரெண்டே தட்டு... மெதுவா. தொறக்கலேன்னா அடுத்த வீடு. பொன்னுத்தாய் தினமும் கதவை அகலத் தொறந்து வச்சுக்கிட்டு, நாந்தாம்ப்பா பாப்பான்னு சொல்றதுக்காக நிலைப்படியில உக்காந்திருக்கு.

இந்தப் பக்கத்து வீட்டுல தட்டும். அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுல தட்டும். அவ வீட்டுல மட்டும் தட்டுறதில்ல... அங்கதான் பாப்பா இல்லைன்னு சொல்லிட்டாங்களே.